சட்டைப்பையில் நெல்லிக்காய்

எங்கள் ஊர்ப் பக்கம் வாழைப்பழமும் பீடியும் ஒரே பெட்டிக்கடையில்தான் விற்கும். ஒரு பக்கம் பழத்தார் தொங்கும். மறுபக்கம், நுனியில் நெருப்புக் கனிந்துகொண்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். சாப்பிட்டுவிட்டு வருகிற ஆண்கள் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்பார்கள், தோலை ஆட்டுக்குப் போடுவார்கள், அதே கையோடு கயிற்றை இழுத்து பீடியைப் பற்றவைப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையம் வந்த புதிதில் இதைப் பார்த்து யாரும் தப்பாக நினைத்ததாக ஞாபகம் இல்லை. நானும் நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சுப்பையா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். பஞ்சு பறக்கிற இடமாதலால் மில்லுக்குள் தீப்பெட்டியோ பீடியோ கொண்டு போகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட் எதிரே உள்ள பெட்டிக்கடையில் நின்று, ஒரு ஷிப்டு முழுக்கத் தாங்க வேண்டிய புகையை அவசர அவசரமாக இழுத்துக்கொள்வார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். சம்பளம் வாங்கிய வாரத்தில் சிகரெட், மற்ற நாட்களில் பீடி. எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டோம். மில் சங்கு ஊதி, பிறகு இவருடைய இருமல் தெருமுனையில் கேட்டால் உலையில் அரிசி போட வேண்டிய நேரம்.

அந்த இருமலை நான் கோவித்துக்கொண்டதே கிடையாது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆள் வருகிறார் என்று சொல்கிற சத்தம் அது, அவ்வளவுதான் எனக்கு. சாப்பாட்டில் மட்டும் சண்டை வரும். நான் எப்படி வைத்தாலும் குழம்பில் உப்பில்லை, காரமில்லை என்பார். என் கைப்பக்குவத்தைச் சொல்கிறார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பேன். பீடிப்புகையில் அவருடைய நாக்கு ருசி தெரியாமல் செத்துப்போயிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கார்த்திகை மழையில் நனைந்து வந்தவருக்குக் காய்ச்சல் பிடித்தது. மருந்துக்கடையில் வாங்கிய சிரப்பும் என் சுக்குக் கஷாயமும் கேட்கவில்லை. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இளைத்து உட்கார்ந்துவிட்டார். சளியில் ரத்தம் திட்டாக வந்த அன்று அவருடைய அக்கா, என் மதினி, வாசலில் நின்று சத்தம் போட்டார்கள்.

"ஏட்டி செல்லம், இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? ஆட்டோவக் கூப்பிடு. திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். என் தம்பிய நீ கஷாயத்துலயே முடிச்சிருவ போலுக்கே!"

மதினிக்கு வாய் அப்படி. மனசு அப்படியல்ல என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வலது நுரையீரலில் நிமோனியா. அது போக, மூச்சுக்குழாய்களே வருஷக்கணக்கில் புகை பட்டுப் பட்டுத் தடித்துப்போயிருக்கின்றன என்றார் டாக்டர். நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசுவார். வார்டில் படுக்கை கொடுத்து ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் தொண்டையைப் பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தவர், தொண்டையைப் பார்க்காமல் கன்னத்தின் உட்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"இந்த வெள்ளை எவ்வளவு நாளா இருக்கு?"

எங்களுக்கு என்ன தெரியும்? பால் குடித்த பிள்ளையின் வாயில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. பால் என்றால் துடைத்ததும் போய்விடும். இது போகவில்லை. பீடி குடிக்கிறவர்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் வெறும் திட்டாகவே நின்றுவிடும், சிலருக்கு மட்டும் வேறு மாதிரி மாறலாம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு ஒரு துணுக்கை வெட்டி மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு நாளாகும்.

வார்டு நடையில் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வேற மாதிரின்னா கேன்சரா சார்?"

"அது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா அனுப்பியிருக்கோம்."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்ததோ கேன்சர் என்ற சொல் மட்டும்தான். நோயாளிகளின் ஆட்கள் உட்காருகிற சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த முகம் தெரியாத அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் தூக்குச் சட்டியிலிருந்து காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் "என்ன விசேஷம்" என்று கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் இவரிடம் என்ன வேலை என்று கேட்டார். ஃபிட்டர் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப உங்களுக்குச் சுலபமாச் சொல்லலாம். இரும்பு காத்துல கிடந்தா என்னாகும்?"

"துரு ஏறும் சார்."

"பீடிப்புகை உடம்புக்குள்ள அந்த வேலையைத்தான் செய்யுது. ஒவ்வொரு இழுப்பிலயும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உள்ள போய், நல்லா இருக்கிற செல்லை எல்லாம் அரிக்குது. நுரையீரல், ரத்தக்குழாய், வாய், எதையும் விடாது. உடம்பு சும்மா இருக்காது, தடுத்துப் பார்க்கும். தடுக்கிற சத்து காயிலயும் பழத்துலயும் இருக்கு. கேரட், பப்பாளி, கீரை, கொய்யா, நெல்லிக்காய். பீடி குடிக்கிறவங்க உடம்புல அந்தச் சத்து மத்தவங்களைவிடச் சீக்கிரம் செலவழிஞ்சு போகும். அதனால நல்லாச் சாப்பிடுங்க. பீடியை விட்டுருங்க."

எவ்வளவு அழகாகச் சொன்னார்! மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களில் இப்படி நின்று பேசுகிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியாகச் சொன்ன ஒரு வரியைத் தவிர எல்லாம் அவர் மண்டையில் ஏறியது.

நான் விடுவேனா? நல்லவேளை, நெல்லிக்காய்க் காலம். மலையடிவாரத்திலிருந்து வரும் பெரிய நெல்லிக்காய், எங்கள் மார்க்கெட்டில் குவியல் குவியலாகக் கிடக்கும். தினமும் காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறும்போது ஒரு மஞ்சள் பை நிறைய வாங்கிக்கொண்டு போவேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்கேற்ற மாதிரி பால்கோவாதான் வாங்கி வந்தார்கள். இருமுகிற மனிதருக்கு அதைக் கொடுக்க முடியாமல் சிஸ்டர்மார்களுக்கும் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கொடுத்து, வார்டில் எங்களுக்கு நல்ல பெயர். மதினி முருங்கைக்கீரை ரசம் கொண்டு வந்து, "குடிச்சாத்தான் நான் பஸ் ஏறுவேன்" என்று எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். மருந்து சில வெளியே வாங்க வேண்டியிருந்தது. நான் கேட்கும் முன்பே சீட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மதினியே வாங்கி வந்துவிடுவார்கள். அவர்களோடு பதினைந்து வருஷம் முறைத்துக்கொண்டு இருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நாள் நெல்லிக்காயைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தின்னுட்டுத் தண்ணி குடிங்க, இனிக்கும்" என்றேன்.

குடித்துப் பார்த்தார். "என்னத்த இனிக்கி? பச்சத்தண்ணி மாதிரித்தான் இருக்கு. நீ சும்மா பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லாத."

ஆனால் காய்ச்சல் விட்டு நடமாட ஆரம்பித்ததும் அவரே கேட்கத் தொடங்கினார். "ஏட்டி, நெல்லிக்கா தீந்துபோச்சு. நாளைக்குக் கூடக் கொஞ்சம் கொண்டா." மறுநாள், "பத்தலட்டி." அதற்கு மறுநாள், "இம்புட்டுத்தானா?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதுரை முடிவு என்னவாகுமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த நெல்லிக்காய்தான். இவர் தின்னத் தின்ன அந்த வெள்ளைத் திட்டு கரைகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிகிற இடத்தில் பஸ் திரும்பும்போது, பையை மடியில் வைத்துக்கொண்டு, "தாயே, இன்னைக்கும் எல்லாத்தையும் தின்னுறணும்" என்று கும்பிடுவேன். தாயார் என் வேண்டுதலை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றி வைத்தாள்.

ஒருநாள் பிஸ்கட்டும் சோடாவும் வேண்டும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டார். வாங்கலாம் என்று ஆஸ்பத்திரிப் பின்சுவரை ஒட்டிய பெட்டிக்கடைக்குப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதே அன்றைக்குத்தான். இங்கும் அதே மாதிரி ஒரு பக்கம் பழத்தார், மறுபக்கம் நெருப்புக் கயிறு. கடைக்காரர் என் கையில் இருந்த மஞ்சள் பைக்குள் நெல்லிக்காயைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நெல்லிக்காக்காரரு வீட்டம்மாவா நீங்க?"

"யாரு?"

"அதான், எட்டாம் நம்பர் பெட்டுல இருக்காகளே, மில்லுக்காரரு. நல்ல மனுசன்மா. பீடி குடிச்சு முடிச்சதும் சட்டைப்பையில இருந்து ஒரு நெல்லிக்காய எடுத்துத் திம்பாரு. கூட நிக்கவனுக்கும் ஒண்ணு குடுப்பாரு. அதத் தின்னா பீடி செஞ்ச கெடுதல் அம்புட்டும் சரியாப் போயிருமாம்ல? டாக்டரே சொன்னாராம். இப்பம் நம்ம கடைக்கு வாரவுக எல்லாரும் அவரத்தான் தேடுதாக."

கயிற்றுக்குக் கீழே தரையைப் பார்த்தேன். பீடித்துண்டுகளுக்கு நடுவே நெல்லிக்கொட்டைகள் கிடந்தன. கொஞ்சநஞ்சமில்லை. நான் பஸ்ஸில் மடியில் வைத்து, சாமி கும்பிட்டு, கொண்டுவந்த நெல்லிக்காய் எல்லாம் அங்கே கொட்டையாகக் கிடந்தது. கூடக் கொண்டா, கூடக் கொண்டா என்று அவர் கேட்டபோதெல்லாம் எத்தனை சந்தோஷப்பட்டேன்! அவர் குடித்த பீடிக்கல்லவா நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

சோடாவை மறந்துவிட்டு வார்டுக்கு வந்தேன். கையில் பையைப் பார்த்ததும் இவர் எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். நான் பையை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"பின்னால கடைக்குப் போயிருந்தேன்" என்றேன்.

மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? டாக்டரு சொன்னதக் கேட்டீல்லா? பீடி துரு, பழம் எண்ணெய். துரு ஏறுத எடத்துல நாங்க எண்ணெய் விட்டா மெஷின் பாட்டுக்கு ஓடும். இருவது வருசமா அந்த வேலதான செய்யுதேன்? ஒரு பீடி, ஒரு நெல்லிக்கா. கணக்கு நேராயிரும்."

எனக்கு வந்த கோபத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டில் நான் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். எனக்கும் எண்ணெய் விடத் தெரியும்.

"என் தையல் மெஷினுக்கும் நான் எண்ணெய் விடத்தான் செய்யுதேன். அதுக்காக எண்ணெய விட்டுட்டு மழையிலயா கொண்டுபோய் வைக்கேன்? துரு ஏறுததுக்குன்னே தண்ணிய ஊத்திட்டு, பொறவு எண்ணெய் விடுதேன்னு சொல்லுத ஃபிட்டர இன்னைக்குத்தான் பாக்கேன்!"

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். இவருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுபோய், கண் கலங்கியது. கல்யாணமாகி அன்றுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"பயமா இருக்குட்டி" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். "மதுரையில இருந்து என்ன வருமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது. ஒரு இழுப்பு இழுத்தா செத்த நேரம் அடங்குது. இழுத்ததும் அதவிட பயம் வருது. அதுக்குத்தான் நெல்லிக்கா."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் அதே பயம்தானே. நானும் அதே நெல்லிக்காயைத்தானே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். "இனிமே ஒரு நெல்லிக்கா கண்ணுல பாக்க முடியாது. இஷ்டம்னா போய் பீடி குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்ததுதான் வேடிக்கை. அவரால் குடிக்க முடியவில்லை. மறுநாள் பெட்டிக்கடை வரை போயிருக்கிறார், பீடி வாங்கியிருக்கிறார், கயிறு வரை கை போயிருக்கிறது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் இல்லை. எண்ணெய் இல்லாமல் மெஷினை ஓட்ட எந்த ஃபிட்டருக்குத் தைரியம் வரும்? பீடியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. எரிந்து விழுந்தார், மதினியின் ரசத்தைத் தள்ளிவிட்டார், தூக்கம் வராமல் வார்டு நடையில் உலாத்தினார். ஆனால் குடிக்கவில்லை.

பழத்தை நிறுத்திவிட்டேன் என்று கேட்டதும் டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். "அவருக்கு இப்பத்தாம்மா அந்தச் சத்து அவசியம். ஏன் நிறுத்தினீங்க?" நான் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "துருன்னு சொன்னது என் தப்புதான். உங்க மில்லு மெஷினுக்குத் துரு மேலோட்டமாப் பிடிக்கும், சுரண்டிடலாம். இது செல்லுக்குள்ள நடக்குது. எவ்வளவு பழம் தின்னாலும் ஒரு பீடியைக்கூட இல்லேன்னு ஆக்க முடியாது. பீடியை நிறுத்தினவன் உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கும்போது பழம் கூட நின்னு ஒத்தாசை பண்ணும். அதுக்கு அவ்வளவுதான் சக்தி."

அன்றிலிருந்து சட்டைப்பையில் போட முடியாததாகப் பார்த்துக் கொண்டுபோனேன். பப்பாளி, பூசணிக்கூட்டு, கீரைக்கடைசல், கேரட் போட்ட சாம்பார். கீரைக்கடைசலைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போகட்டும், பார்க்கலாம்.

மதுரையிலிருந்து முடிவு வந்த காலையில் மதினி கோவிலில் இருந்தார்கள். நான் மட்டும் இவர் பக்கத்தில் நின்றேன். டாக்டர் காகிதத்தைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். கேன்சர் இல்லை. ஆனால் செல்கள் கொஞ்சம் உருமாற ஆரம்பித்திருக்கின்றன. இந்த இடத்தில் பீடியை விட்டால் பலருக்குத் திரும்பிவிடும். விடாமல் இருந்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஷிப்டு முடியும் நேரத்துக்கு நான் மில் கேட் எதிரே உள்ள பெட்டிக்கடையில் போய் நின்றுகொண்டேன், ஒரு தூக்குச் சட்டி நிறையப் பப்பாளித் துண்டுகளோடு. சங்கு ஊதியது. வாட்ச்மேனிடம் பீடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூட்டமாக வந்தவர்கள் என்னைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பீடியைப் பின்னால் மறைத்தார்கள். "மயினி, எங்களுக்கும் உண்டுமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எல்லாருக்கும் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் குறைவு. எத்தனையோ நாள் அப்படிப் போய் நின்றேன். மில் பெண்கள் என்னைக் கேலி பண்ணிய கேலிக்கு அளவில்லை. அந்த வெயிலும், சங்குச் சத்தமும், பப்பாளி வாசமும் இப்போது நினைத்தாலும் எனக்கு இனிமையாகவே இருக்கின்றன.

துபாயில் இருந்த என் தம்பி ஒருமுறை வரும்போது பழச்சத்து மாத்திரை என்று ஒரு பெரிய பாட்டில் கொண்டுவந்தான். டாக்டரிடம் காட்டினோம். வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார். பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு அந்த மாதிரி மாத்திரை சிலது நல்லது செய்வதற்குப் பதில் கெடுதலைக் கூட்டியிருக்கிறது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். "நீங்க விட்டாச்சு. இருந்தாலும் காயும் பழமுமாத் தின்னுங்க. அது போதும்" என்றார்.

நெல்லிக்காயை மட்டும் இவர் தொடவில்லை. வருஷா வருஷம் கார்த்திகை வரும், மார்க்கெட்டில் குவியல் கிடக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். "அதப் பாத்தாலே பீடி ஞாபகம் வருதுட்டி" என்பார். பழக்கம் போனாலும் ஆசை போகவில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்துகொண்டே இருந்தது.

சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "திட்டு மறைஞ்சுபோச்சு. இனிமே மாசாமாசம் வர வேண்டாம், வருஷத்துக்கு ஒருதரம் காட்டுங்க" என்றார். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். ஓர் அம்மாள் கூடை நிறைய நெல்லிக்காய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பினார்.

"ஒண்ணு தின்னு பாக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பர்ஸைத் திறந்து காசை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கடித்தார். கொட்டையைத் துப்பினார். அவர் வலதுகை சட்டைப்பைக்குப் போனது. இரண்டடியில் பெட்டிக்கடை, கயிறு கனிந்துகொண்டிருக்கிறது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி இருக்காட்டி?"

பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். பாட்டிலை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஏட்டி" என்றார், "இனிக்கி."

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததில், அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.